உயிருள்ளவை, கவிழ்க்காதீர்

பல் டாக்டர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்த வேகத்தைப் பார்த்ததும், கேரண்டி முதலில் தன் கடைவாய்ப் பல்லைத்தான் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டான். அதை அடைக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தவன் அவன். ஆனால் அவர் வந்தது பல்லுக்காக இல்லை. வாளியை மேசைமேல் வைத்த வைப்பில் தண்ணீர் எகிறி அவன் சட்டையை நனைத்தது.

"என்னய்யா இது?"

கேரண்டி எட்டிப் பார்த்தான். வாளி முழுக்கக் கால்கள். நகம் அளவில், மிளகு அளவில், கடுகு அளவில் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. நடுவில், நண்டும் இறாலும் கட்டாயத்தின் பேரில் கூட்டுச் சேர்ந்ததுபோல ஒரு உருவம், பிள்ளை பெற்ற களைப்பு துளியும் இல்லாமல் கொடுக்கை உயர்த்திக்கொண்டு நின்றது. கிரேஃபிஷ். அவன் கடையில் விற்றதுதான்.

"ஒண்ணுதான் வாங்கினேன். ஒண்ணே ஒண்ணு. 'தனியா விடுங்க டாக்டர், பெருகாது, கேரண்டி'ன்னு சொன்னது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"இது என்ன?"

"பெருகியிருக்கு டாக்டர்."

வண்ணமீன் கடை வைத்திருப்பவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. மீன் சாகாது, கேரண்டி. தொட்டி ஒழுகாது, கேரண்டி. பச்சைப் பாசி வந்தால் என்னை வந்து கேளுங்க, கேரண்டி. பொருளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே உறுதி கொடுத்துவிடுவதில் அவனுக்கு ஒரு கைத்திறமை இருந்தது. எதிரே கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்யும் அவன் மனைவிக்கு இந்தத் திறமைமேல் தனி அபிப்பிராயம் உண்டு. தினமும் மதியச் சாப்பாட்டுக்குத் தெருவைக் கடந்து இங்கே வந்துவிடுவாள். இப்போதும் ஒரு கவிழ்த்த டப்பாமேல் உட்கார்ந்து, மடியில் சாப்பாட்டு டப்பாவோடு, டாக்டரையும் வாளியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரும்போதே வயித்துல இருந்திருக்கும் டாக்டர். சில சமயம் அப்படி ஆகும்."

"வரும்போது அது என் சுண்டுவிரல் நகத்துல பாதி இருந்துச்சு. பொறந்த குழந்தை. அதுக்கு யாருய்யா அதுக்குள்ள கல்யாணம் பண்ணி வச்சது?"

"அப்படின்னா யாரோ உங்க வெயிட்டிங் ரூம் தொட்டியில ஒரு ஆணை விட்டிருக்கணும்."

"பல்லு வலியில துடிச்சுக்கிட்டு வர்றவன், வரும்போது சட்டைப்பையில ஒரு மாப்பிள்ளையைப் போட்டுட்டு வந்து, என் நண்டுக்குச் சம்பந்தம் பேசிட்டுப் போவானா? என் வெயிட்டிங் ரூம் என்ன கல்யாணத் தரகர் ஆபீஸா?"

கேரண்டிக்கு இதில் பதில் இருந்தது, ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். தாயைத் தூக்கிக் கவிழ்த்தான். ஆண் என்றால் வயிற்றுக்குக் கீழே, கால்கள் முடியும் இடத்தில், சின்னதாக இரண்டு ஜோடி உறுப்புகள் முன்னோக்கி மடங்கி இருக்கும். இல்லை. வளர்ந்த குட்டிகளில் ஒன்றைக் கவிழ்த்தான். இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. பத்துப் பன்னிரண்டைக் கவிழ்த்த பிறகு, ஒரே ஒரு ஆணாவது தன் இனத்தின் மானத்தைக் காப்பாற்றாதா என்று தேடுகிறவனாகவே ஆகிவிட்டான். கடைசியில் மொத்த வியாபாரிக்கு ஃபோன் போட்டான். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில்.

"அதுவா? அந்த வகையில ஆம்பளையே கிடையாதுப்பா" என்றது ஃபோன், ஏதோ மென்றுகொண்டே.

"கிடையாதுன்னா? நீங்க ஆணை அனுப்பலைன்னு சொல்றீங்களா?"

"உலகத்துலயே கிடையாதுங்கறேன். எல்லாமே பொம்பளதான். தானா முட்டை வைக்கும், தானா பொரியும். குட்டியெல்லாம் அப்படியே அம்மாவோட அச்சு."

"அப்ப அப்பா?"

"இல்ல."

"இல்லன்னா, செத்துட்டாரா?"

"யோவ். அப்பாங்கற ஆளே அந்தக் கதையில கிடையாதுய்யா."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? பேரைக் கேட்ட, விலையைக் கேட்ட. பொறப்பைக் கேட்டியா?"

ஃபோன் வைக்கப்பட்டது. பல் டாக்டர் மீன் உணவு அடுக்கியிருந்த பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தார். படித்தவர்தான், ஆனால் பல்லோடு நின்றுவிட்ட படிப்பு. "ஆம்பளையே இல்லாமயா" என்றார் ஒருமுறை. வாளிக்குள் குனிந்து பார்த்துவிட்டு இன்னொரு முறையும் சொன்னார். பிறகு, கொண்டுவந்த கோபத்தை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனவர்போல எழுந்து, வாளியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனார்.

மனைவி சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"ஆம்பளையே இல்லாம அதுக்கு ஒரு வாளி. எனக்கு ஆம்பள இருந்தும் வியாழக்கிழமை ஆபரேஷன்." அடுத்த வரியைப் படிங்க என்று கண் பரிசோதனையில் சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள். "நர்ஸ் ஃபோன் பண்ணாங்க. உங்க டெஸ்ட் ரிப்போர்ட் காப்பி ஃபைல்ல இல்லையாம். ஆபரேஷனுக்கு முன்னாடி கொண்டுவந்து குடுக்கணுமாம். தேடி எடுத்து வைங்க."

"எடுத்துடலாம்மா" என்றான். பழக்கதோஷத்தில் "கேரண்டி" என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவள் தெருவைக் கடந்து போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. அப்படி ஒரு ரிப்போர்ட் உலகத்திலேயே கிடையாது. அந்தக் கதையில் அப்பா இல்லாததுபோல, இந்தக் கதையில் ரிப்போர்ட் இல்லை.

கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அவளுக்குப் பார்க்காத பரிசோதனை பாக்கியில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தபோது அவன் வெளியே உட்கார்ந்து ஃபோனில் மீன் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தான். எல்லாமே சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க டாக்டர்கள் இன்னும் உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்பட்டார்கள்.

போன வருடம் ஒரு டாக்டர் அவனையும் கை காட்டினார். அவனும் போனான், மறுக்கவில்லை. சாம்பிள் கொடுக்கும் இடத்தில், வரிசையில் அவனுக்கு முன்னால் சின்ன டப்பாவும் கையுமாக நின்றிருந்தவர் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த மாஸ்டர். இருவரும் ஒரு விநாடி கண்ணோடு கண் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் விசில் ஊதவில்லை, ஆனால் அவன் ஓடிவிட்டான். வீட்டுக்கு வந்து, "குடுத்துட்டேன்மா. வேற லேப்ல. நம்பர் ஒன் ரிசல்ட்" என்று சொல்லிவிட்டான். அந்த டாக்டர் ஃபைலில் 'கணவர்: சரி' என்று எழுதினார். அடுத்த டாக்டர் அதைப் பார்த்து எழுதினார். அதற்கடுத்தவர் அதைப் பார்த்து எழுதினார். அவன் வாயிலிருந்து போனது மூன்று கையெழுத்தில் மருத்துவ உண்மையாகித் திரும்பி வந்தது. நாளாக நாளாக அவனே அதை நம்பத் தொடங்கியிருந்தான்.

நம்பியவர்களில் முதலிடம் அவன் அக்காவுக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்வாள். "நம்ம வம்சத்துல யாருக்குடா குறை இருந்திருக்கு? எனக்கு நாலு. உன் அண்ணனுக்கு மூணு. உனக்கும் டெஸ்ட்ல டாப்புன்னு வந்துடுச்சு. அவளைத்தான் நல்ல டாக்டரா பார்த்துக் காட்டு." மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். அக்காவுக்கு ஸ்பீக்கர் தேவைப்படாது.

வியாழக்கிழமை அவள் வயிற்றில் துளைபோட்டுக் கேமரா விடப்போகிறார்கள். அவன் சரி என்று ஃபைல் சொல்வதால்தான் விடப்போகிறார்கள். இது இத்தனை நாளும் அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்த விஷயத்துக்கும் உறைக்கிற விஷயத்துக்கும் இடையில் ஒரு வாளி தேவைப்பட்டது.

கடையைச் சுற்றி வந்தான். ஒரு தொட்டியில் ஆண் கப்பி மீன் வாலை விசிறிபோல விரித்து ஆடிக்கொண்டிருந்தது. பெண் கப்பிகள் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தன. அதை யாரும் ஆடச் சொல்லவில்லை.

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தான். அதைவிட, இப்போதே ஒரு சாம்பிளைக் கொடுத்து, சரி என்று வாங்கி, ஃபைலில் செருகிவிட்டால், பொய் என்பது கொஞ்சம் தாமதமாக வந்த உண்மையாகிவிடும் என்று தோன்றியது. மருத்துவமனைக்கு ஃபோன் செய்தான். வீட்டிலேயே எடுத்து வரலாமாம். சுத்தமான டப்பாவில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள், சட்டைக்குள்ளே உடம்புச் சூட்டில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.

கேட்ட கேரண்டிக்கு அதிர்ச்சியாக இருந்தது. உயிருள்ள பொருளை இப்படியா அனுப்பச் சொல்வார்கள்? தண்ணீர் இல்லை, காற்று இல்லை, சட்டைக்குள்ளே வியர்வைச் சூடு. படித்தவர்களுக்குப் பாக்கிங் தெரியாது என்று அவனுக்கு எப்போதுமே ஒரு எண்ணம் உண்டு. ஒரு பகல், ஒரு இரவு ரயிலில் போகும் சண்டை மீனை ஒரு செதில் உதிராமல் அனுப்பியவன் அவன். அந்தத் தொழிலையே செய்பவன் தன்னுடைய சொந்தச் சரக்கை மட்டும் டப்பாவில் போட்டு எடுத்துப் போவதா?

செவ்வாய்க்கிழமை காலை, மனைவி வேலைக்குப் போனதும், தன் வாழ்க்கையிலேயே மிகக் கவனமான பாக்கிங்கைச் செய்தான். சண்டை மீனுக்கான சின்னப் பை. குளோரின் வாடை போக மூன்று நாள் வைத்த, வடிகட்டிய தண்ணீர். பயணத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நீல மருந்து இரண்டு சொட்டு. பதற்றம் தணிய ஒரு சிட்டிகை உப்பு. சரக்கு உள்ளே போனதும் பையை ஆக்ஸிஜன் சிலிண்டரில் பிடித்து உப்ப வைத்து, இரட்டை ரப்பர் பேண்ட் போட்டுத் திருகினான். தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடி, மேலே மனைவியின் ஃபைல் நம்பரை எழுதினான். கை தானாகக் கடை ஸ்டிக்கரையும் எடுத்து ஒட்டியது.

வரவேற்பில் இருந்த பெண் யாரோடோ ஃபோனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தெர்மாகோல் பெட்டியைப் பார்த்ததும் லேபுக்கு வரும் மருந்து என்று நினைத்து, மணியை அடித்து உள்ளே அனுப்பிவிட்டாள். அவனும் மாஸ்டர் யாராவது தென்படுகிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டான். மனசு காற்றுப்போல இருந்தது. வழியில் விசிலடித்தான்.

சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்பே மனைவி தெருவைக் கடந்து வந்தாள். வெள்ளைக் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. கையில் சாப்பாட்டு டப்பா இல்லை. தங்கமீன் வாங்க வந்த ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

ஃபோனை அவன் முகத்துக்கு நேரே, சரியாகக் கை நீளத்தில் பிடித்தாள்.

"படிங்க."

திரையில் ஒரு ஃபோட்டோ. எஃகு மேசைமேல் திறந்த தெர்மாகோல் பெட்டி, உள்ளே உப்பிய பை, பைக்குள் வானத்தைப் பிழிந்து ஊற்றியதுபோல நீலம். கையுறை போட்ட ஒரு கை ஸ்டிக்கரைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது, நான்..."

"படிங்க."

"உயிருள்ளவை. கவிழ்க்காதீர்."

"கீழ் வரி."

"வழியில் இறந்தால் மாற்றித் தரப்படும்."

"செத்துடுச்சாம்" என்றாள். "எல்லாமே. லேப் மேடம் எனக்கு ஃபோன் பண்ணாங்க. ஃபைல்ல என் நம்பர்தானே இருக்கு. 'உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது அபூர்வ வியாதியா மேடம், நீலமா வருதே'ன்னு கேக்குறாங்க. பின்னாடி நாலு பேர் சிரிப்பை அடக்குற சத்தம் கேக்குது."

கேரண்டி ஃபோட்டோவை இன்னொரு முறை பார்த்தான். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எல்லாமேவா?" என்றான். பிறகு, இத்தனை வருடத் தொழில் அவன் வாயைத் தானாகத் திறந்தது. "போய்ச் சேரும்போதே செத்திருந்துச்சா, இல்ல அங்க போயா?"

அவள் ஃபோனைக் கீழே இறக்கினாள்.

"தண்ணியில போட்டா அந்த நிமிஷமே செத்துடுமாம். தண்ணி உள்ள புகுந்து உப்பி, வாலு சுருண்டுடுமாம். அது மீன் இல்லையாம். அதை மேடம் ரெண்டு தடவை சொன்னாங்க, அது மீன் இல்லன்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"அப்ப எனக்குக் குறையில்லைல? பாக்கிங்லதானே..."

"நான் கேட்டது பழைய ரிப்போர்ட்டோட காப்பி" என்றாள். "புதுசா எதுக்கு அனுப்புனீங்க?"

தொட்டிகளில் காற்று மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடையில் அத்தனை வாயும் திறந்து மூடிக்கொண்டிருந்தது, ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை. அவன் வாயும் அதில் சேர்த்தி.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஒரு லென்ஸைக் கழற்றி இன்னொன்றை மாட்டுகிற நிதானத்தில் கேட்டாள்.

"ஒண்ணு, ரிப்போர்ட் தொலைஞ்சு போச்சு. ரெண்டு, டெஸ்ட்டே குடுக்கல. எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?"

"அம்மாடி, அன்னிக்கு வரிசையில நம்ம மாஸ்டர்..."

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

அவள் கவிழ்த்த டப்பாவைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவனுக்கு எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்திருக்கும். தினமும் நடந்து போகிற தெருவில் திடீரென்று ஒரு வீடு குறைவதைப் பார்த்ததுபோல இருந்தது அந்த முகம்.

"மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தாங்களே. முடிஞ்சு வெளிய வந்தப்ப என்னால நிமிர்ந்து நிக்க முடியல. நீ என்ன சொன்ன? 'எல்லாம் நல்லதுக்குத்தான், எனக்கு ஓகேன்னு வந்தாச்சு, இனிமே உன்னோடது மட்டும்தான்'ன்னு சொன்ன."

நீ என்றாள். ஐந்து வருடத்தில் முதல் தடவை. அவன் அதைத் திருத்தவில்லை.

"நாளைக் கழிச்சு என் வயித்துல ஓட்டை போட்டு உள்ள பார்க்கப் போறாங்க. அங்க எதைத் தேடுவாங்க? நீ சொன்ன பொய்யையா?"

அங்கேயே உட்கார்ந்து மருத்துவமனைக்கு ஃபோன் செய்து ஆபரேஷன் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டார்கள்போல. "வீட்டுக்காரருக்குப் பாக்கிங் தெரியல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

உடனே இன்னொன்று கொடுத்துவிடுகிறேன் என்றான் அவன். நடுவில் சில நாள் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கணக்குத் தப்பும் என்று லேப் மேடம் சொல்லியிருந்தாள். அந்தச் சில நாளும் வீட்டில் மனைவி பேசவில்லை. பேசாமல் இருப்பதில் இத்தனை ரகம் உண்டென்று அவனுக்குத் தெரியாது. தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது, கொடுக்காமல் பேசாமல் இருப்பது, பேச வாய் திறந்து கொட்டாவி விட்டுவிட்டுப் போவது. என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தினமும் இரண்டு தடவை பல் விளக்கினான். கேட்க யாரும் இல்லாவிட்டாலும் 'கேரண்டி' என்ற சொல் வாயில் வரும்போதெல்லாம் விழுங்கினான்.

அந்த நாளும் வந்தது. மருத்துவமனையில் அவனைத் தனி அறைக்குள் விட்டார்கள். ஒரு நாற்காலி, ஒரு கைகழுவும் தொட்டி, சுவரில் ஒரு அருவிப் படம். கதவில் கொக்கி சரியாக விழவில்லை. வெளியே மனைவி உட்கார்ந்திருப்பது கதவுக்குக் கீழே செருப்பாகத் தெரிந்தது. அந்த நிலைமையில் ஒரு மனிதன் தன் கடமையைச் செய்து முடித்தான் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. டப்பாவை இந்தத் தடவை கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான். ஸ்டிக்கர் இல்லாமல்.

கொஞ்ச நேரம் கழித்து லேப் மேடம் இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். வழக்கமாக அப்படிக் கூப்பிடுவது கிடையாதாம். நீலப் பை அனுப்பிய ஆளை நேரில் பார்க்க எல்லாரும் ஆசைப்பட்டிருந்தார்கள். பேனா எடுக்க ஒருவர், பேனா வைக்க ஒருவர், ஜன்னலை மூட ஒருவர் என்று அறைக்குள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னலே இல்லை.

மைக்ராஸ்கோப்பில் தெரிவது ஒரு திரையிலும் தெரிந்தது. சாம்பல் நிற வெளி, ஆளில்லாத மைதானம்போல. மூலையில் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மேடம் கண்ணாடித் துண்டை நகர்த்தினாள். மறுபடி மைதானம். இன்னொன்று. வேகமில்லை, ஞாயிற்றுக்கிழமை நடை. வேறொரு இடத்தில் ஒன்று அதே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"அது ஏன் மேடம் சுத்திக்கிட்டே இருக்கு?"

"அப்படியும் சிலது இருக்கும் சார்."

மனைவி ஒருமுறை அவன் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள்.

"ரொம்பவே குறைவுதான்" என்றாள் லேப் மேடம். "ஒரு தடவை பார்த்து முடிவு பண்ண முடியாது, இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பார்க்கணும். ஆனா இதுதான் காரணமா இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க." பிறகு மனைவியிடம் திரும்பினாள். "உங்களுக்கு எடுத்ததெல்லாம் மறுபடி பார்த்தோம் மேடம். எல்லாமே நல்லாத்தான் இருக்கு. முதல்லயே இதைப் பண்ணியிருந்தா உங்களுக்குப் பாதி டெஸ்ட் தேவையே பட்டிருக்காது."

மனைவி மேசை விளிம்பைப் பிடித்தாள். அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், போட்டுக்கொண்டாள், மறுபடி கழற்றித் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

கேரண்டி திரைக்குப் பக்கத்தில் நகர்ந்தான். அந்த மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், தன்னையறியாமல் கேட்டான்: "மேடம், கிரேஃபிஷ்ல ஒரு வகை இருக்கு. ஆம்பளையே இல்லாம முட்டை வைக்குது. அதுமாதிரி மனுஷங்களுக்கு ஆகுமா?"

அறையில் பேனா தேடிக்கொண்டிருந்தவர் நின்றார்.

"தொடங்கும்" என்றாள் லேப் மேடம். "நானே பார்த்திருக்கேன். விந்தணு சேர்க்காத முட்டை, யாருக்கும் காத்திருக்காம தானே ரெண்டாப் பிரியும். நாலாகும். முதல் தடவை பார்த்தப்ப எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்."

"அப்புறம்?"

"நின்னுடும். ஒரு புஸ்தகத்தோட ரெண்டு பிரதி மாதிரின்னு வச்சுக்கங்க. அம்மா பிரதியில சில பக்கம் ஒட்டியே இருக்கும், பிரிக்க முடியாது. அதே பக்கம் அப்பா பிரதியில திறந்திருக்கும். நஞ்சுக்கொடி சரியா வளர அந்தப் பக்கங்கள் வேணும். ரெண்டுமே அம்மா பிரதியா இருந்தா குழந்தை உருவாகாது."

"அப்ப ஆம்பள வேணும்!" கேரண்டி நிமிர்ந்துவிட்டான். பல நாளுக்குப் பிறகு முதுகெலும்பு அவன் சொன்னதைக் கேட்டது.

"கண்டிப்பா வேணும் சார்."

"எவ்வளவு?"

"ஒரு செல்." அவள் திரையைக் காட்டினாள். "இதுல நல்லதா ஒண்ணு கிடைச்சா, ஊசியில பிடிச்சு முட்டைக்குள்ள விட்டுடலாம். மத்த நேரத்துல நீங்க கடையைப் பார்த்துக்கலாம்."

ஜன்னலை மூட வந்தவர் வேகமாக வெளியேறினார். வெளியே அவர் சிரிப்பது கேட்டது.

"சார் குடுக்க ரெடின்னா, உங்க முட்டையை எடுத்துப் பண்ணலாம் மேடம். ஊசி, மாத்திரை எல்லாம் மறுபடி உங்களுக்குத்தான். எப்ப ஆரம்பிக்கலாம்?"

"இப்ப இல்ல" என்றாள் மனைவி. "எனக்குத் தோணும்போது நான் சொல்றேன். அதுவரைக்கும் அவரை மறுபடி வந்து குடுக்கச் சொல்லுங்க, டப்பாவுல." அவனைப் பார்க்காமலே எழுந்தாள்.

மருத்துவமனைக்கு எதிரே பேருந்து நிறுத்தம். வேலை முடிந்து போகிறவர்கள் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். மனைவி நிழலில் ஒரு கம்பத்தில் சாய்ந்துகொண்டாள்.

"உங்க அக்காவுக்கு ஃபோன் போடு."

"வீட்டுக்குப் போய் நிதானமா..."

"இங்க. இப்ப. அஞ்சு வருஷமா அவங்க என்னை நிதானமாவா பேசுனாங்க?"

போட்டான். அக்கா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னடா, ஆபரேஷனைத் தள்ளி வச்சீங்களாமே? அவளுக்கு உள்ள என்ன குறைன்னு கண்டுபிடிச்சாங்களா இல்லையா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லக்கா. எனக்குத்தான்."

ஒரு பேருந்து உறுமிக்கொண்டு வந்து நின்றது.

"என்னது? கேக்கல."

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் குறை. போன வருஷம் டெஸ்ட் குடுத்தேன்னு சொன்னதும் பொய்."

"யாரு பொய் சொன்னா? அவளா? நான் அப்பவே சொன்னேன்ல! வாயை மூடிக்கிட்டுப் பேசாம சத்தமாச் சொல்லுடா!"

கேரண்டி மனைவியைப் பார்த்தான். அவள் உதவுகிற மாதிரி தெரியவில்லை. ஃபோனை வாய்க்கு நேரே பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினான்:

"நான்தான் பொய் சொன்னேன்! குறை எனக்குத்தான்! என் விந்துலதான் உயிரணு கம்மி!"

அந்த நேரம் பார்த்து டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார்.

பேருந்தின் இந்தப் பக்கத்து ஜன்னல்கள் அத்தனையிலும் ஒரு முகம் இருந்தது. நிறுத்தத்தில் ஒருவர்கூட அசையவில்லை. பிறகு அக்கா, அவன் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்:

"மெதுவாப் பேசுடா. யார் காதுலயாவது விழுந்துடப் போகுது."

"அவகிட்ட பேசுறியாக்கா?"

"நான்... என்னன்னு பேசுறது?"

"அதை நீங்க யோசிச்சு வைங்க" என்றாள் மனைவி, ஃபோன் பக்கம் குனிந்து. "நான் ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன்." கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், தடியை ஊன்றிச் சிரமப்பட்டு எழுந்தார். "வாங்க தம்பி, இப்படி உட்காருங்க" என்றார் மிகுந்த பரிவோடு.

கேரண்டி நன்றி சொல்லிவிட்டு உட்காரத் திரும்பினான். அதற்குள் மனைவி அங்கே உட்கார்ந்திருந்தாள்.